2147483647: மண்டிக் கணக்கில் வந்து முட்டிய பகா எண்

காவேரிப்பட்டணத்திலிருந்து ஒரு தம்பி கேட்டிருக்கிறார். மாமாவின் மாங்காய் மண்டிக்கு ஜாவாவில் ஒரு கணக்கு ஆப் எழுதினாராம், எடையை எல்லாம் கிராமில் வைத்தாராம், சீசன் பாதியில் மொத்த எடை திடீரென்று மைனஸில் போய் நின்றுவிட்டதாம். தேடிப் பார்த்ததில் 2147483647 என்பதுதான் எல்லை என்று தெரிந்திருக்கிறது, அது பகா எண் என்றும் எங்கோ படித்திருக்கிறார். "பகா எண் என்பதால்தான் அதை எல்லையாக வைத்தார்களா? கம்ப்யூட்டரே இல்லாத காலத்தில் பத்து இலக்க எண்ணைப் பகா எண் என்று எப்படி நிரூபித்தார்கள்? இதில் வேறென்ன விசேஷம்?" என்று கேட்கிறார்.

தம்பி, நான் தர்மபுரியில் இருபது வருடத்துக்கு மேலாகக் கணக்கு டியூஷன் எடுக்கிறேன், இது எனக்கு மிகவும் பிடித்த எண், அதனால் பதில் நீளும். சுருக்கத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பகா எண் என்பதற்காக யாரும் அதை எல்லையாக வைக்கவில்லை, அது தற்செயலாக அமைந்தது. ஆனால் அது பகா எண் என்று ஒரு மனிதரால் கையால் நிரூபிக்க முடிந்ததற்குத் தெளிவான காரணம் உண்டு: அதோடு ஒன்று கூட்டினால் வரும் 2147483648 வெறும் இரண்டுகளை மட்டுமே பெருக்கி உண்டானது. ஒரு பெரிய பகா எண்ணை நேராகப் பார்த்தால் அது எதுவும் சொல்லாது, உடைக்கவே முடியாத எண்ணிடம் என்ன கேட்பது. அதன் மேல் வீட்டு எண்ணையும் கீழ் வீட்டு எண்ணையும், அதாவது ஒன்று கூட்டியதையும் ஒன்று கழித்ததையும், விசாரித்தால்தான் விஷயம் வெளியே வரும். கீழே நான் சொல்லப்போவது எல்லாமே அந்த விசாரணைதான்.

முதலில் மண்டிக் கணக்கை முடிப்போம். ஜாவாவில் இன்ட் என்று எழுதினால் 32 பிட் இடம் கிடைக்கும் (0 அல்லது 1 எழுதும் ஒரு இடம்தான் பிட்), அதில் ஒரு பிட் கூட்டலா கழித்தலா என்பதற்குப் போய்விடும், மிச்சம் 31 பிட். அந்த 31 இடத்திலும் ஒன்று ஒன்றாக நிரப்பினால் வரும் எண் 2147483647, நம் வழக்கில் சொன்னால் 214 கோடியே 74 லட்சத்து 83 ஆயிரத்து 647. கிராமில் வைத்தால் 2147 டன் 483 கிலோ 647 கிராம். பத்து டன் லாரிக்கு 214 லோடு ஏற்றினாலும் கொஞ்சம் மீதி இருக்கும், தோத்தாபுரி வரத்து நன்றாக இருக்கிற வருடத்தில் ஒரு பெரிய மண்டி இதைத் தாண்டுவது ஆச்சரியமே இல்லை. தாண்டிய அடுத்த கிராமிலேயே எண் −2147483648 என்று புரண்டுவிடும். இன்ட்டை லாங் என்று மாற்றிவிடுங்கள், 64 பிட் கிடைக்கும், எல்லை 9 லட்சத்து 22 ஆயிரம் கோடி டன்னுக்கு மேல் போய்விடும். இதே கோளாறு பழைய கம்ப்யூட்டர்களின் கடிகாரத்திலும் காத்திருக்கிறது. 1970 ஜனவரி 1-இல் இருந்து நொடிகளை 32 பிட்டில் எண்ணிக்கொண்டு வரும் மென்பொருள்கள் 2038 ஜனவரி 19 அன்று நம் நேரப்படி காலை 8 மணி 44 நிமிடம் 7 நொடிக்கு இதே எண்ணைத் தொடும், அதற்குள் மாற்றாதவை அடுத்த நொடியில் 1901-க்குப் போய்விடும்.

31 ஒன்றுகள் என்பதைக் கையில் பிடித்துப் பார்க்க ஒரு வழி சொல்கிறேன், என் பிள்ளைகளுக்கு இப்படித்தான் ஆரம்பிப்பேன். ஜனவரி 1-ஆம் தேதி ஒரு ராகி மணி எடுத்து வை, 2-ஆம் தேதி இரண்டு, 3-ஆம் தேதி நான்கு, இப்படித் தினமும் இரட்டித்துக்கொண்டே போ. பத்து நாள் முடியும்போது 1023 மணிதான் இருக்கும், மூன்று கிராம்கூடத் தேறுவது சந்தேகம், ஒரு உருண்டை களிக்கு எந்த மூலைக்கு. ஆனால் 31-ஆம் தேதி ராத்திரி எண்ணினால் மொத்தம் சரியாக 2147483647 மணி, எடையில் ஐந்தாறு டன். ஒவ்வொரு நாளும் வைப்பது அதற்கு முந்தைய எல்லா நாளையும் கூட்டி ஒன்று சேர்த்ததற்குச் சமம், அதனால்தான் மொத்தம் 2³¹ − 1 என்று வருகிறது.

இப்போது தற்செயலைப் பார்ப்போம். 8 பிட்டின் எல்லை 127, அது பகா எண். 16 பிட்டின் எல்லை 32767, அது 7 × 31 × 151, பகா எண் இல்லை. 32 பிட்டில் நம் எண், பகா எண். 64 பிட்டின் எல்லை 9223372036854775807, அது 7-ஆல் ஒருமுறை இல்லை, இரண்டு முறை வகுபடும். கம்ப்யூட்டர் செய்தவர்கள் பகா எண்ணைத் தேடியிருந்தால் இப்படி மாறி மாறி வராது, பிட்டை இரட்டித்துக்கொண்டே போனார்கள், இரண்டு இடத்தில் பகா எண் விழுந்தது, அவ்வளவே.

64 பிட் எல்லை 7-ஆல் வகுபடும் என்று வகுத்துப் பார்க்காமலே சொல்லலாம். 999999 என்ற எண்ணைப் பாருங்கள், ஆறு ஒன்பது, மூன்று மூன்றாக வெட்டினால் 999, 999, ஆகவே அது 999 × 1001. இரும எண்ணில் ஒன்றுகளுக்கும் இதேதான். 63 ஒன்றுகளை மூன்று மூன்றாக வெட்டலாம், மூன்று ஒன்று சேர்ந்தால் 111, அதாவது 7, எனவே 7 அதற்குள் இருந்தே தீரும். ஒன்றுகளின் எண்ணிக்கையைச் சம துண்டுகளாக வெட்ட முடிந்தால் எண்ணும் உடையும். 31-ஐ அப்படி வெட்ட முடியாது, ஏனென்றால் 31 ஒரு பகா எண். ஆகவே நம் எண் இந்த முதல் தேர்வில் தப்பித்தது.

தப்பித்ததாலேயே பகா எண் ஆகிவிடாது, இங்கேதான் நிறையப் பேர் வழுக்குகிறார்கள். 11 பகா எண்தான், ஆனால் 2¹¹ − 1 = 2047 = 23 × 89. இத்தாலியைச் சேர்ந்த கட்டால்டி 1588-இல் 2¹⁷ − 1, 2¹⁹ − 1 இரண்டையும் வகுத்துப் பார்த்துப் பகா எண்கள் என்று சரியாகக் கண்டார், அதோடு 23, 29, 31, 37 அடுக்குகளுக்கும் பகா எண்தான் வரும் என்று சொல்லிவிட்டார். 31-ஐத் தவிர மற்ற மூன்றும் தவறு. 2²³ − 1-ஐ 47 வகுக்கும், 2²⁹ − 1-ஐ 233 வகுக்கும், 2³⁷ − 1-ஐ 223 வகுக்கும். 1644-இல் பிரான்சின் மெர்சென் என்ற பாதிரியார் ஒரு பட்டியல் போட்டார், இந்த வகை எண்களுக்கு அவர் பெயரே நிலைத்துவிட்டது, அந்தப் பட்டியலிலும் 67-உம் 257-உம் தவறாக உள்ளே வந்தன, 61, 89, 107 விடுபட்டன. ஆக 31 சரியா என்பது 1772 வரை யாருக்கும் உறுதியாகத் தெரியாது. அந்த வருடம் கணித மேதை ஆய்லர் செயின்ட் பீட்டர்ஸ்பர்க்கிலிருந்து பெர்னூலி குடும்பத்தில் ஒருவருக்கு எழுதிய கடிதத்தில், ஆம், இது பகா எண்தான் என்று எழுதினார். அப்போது அவருக்குப் பார்வை கிட்டத்தட்ட முழுவதும் போயிருந்தது.

எப்படிச் செய்தார் என்பதுதான் உங்கள் இரண்டாவது கேள்வி, எனக்குப் பிடித்த கேள்வியும் அதுதான். நேர் வழியில் போனால், ஒரு எண் உடையுமானால் அதன் வர்க்கமூலத்துக்குள் ஒரு காரணி இருந்தாக வேண்டும். 46340-இன் வர்க்கம் 2147395600, 46341-இன் வர்க்கம் நம் எண்ணைத் தாண்டிவிடும். ஆகவே 46340 வரையுள்ள பகா எண்களால் வகுத்துப் பார்த்தால் போதும். அவை 4792 இருக்கின்றன. ஒரு வகுத்தலுக்கு இரண்டு நிமிடம் வைத்தாலும் தினமும் எட்டு மணி நேரம் உட்கார்ந்தால் இருபது நாள், அதில் ஒரு தப்பும் நடக்கக்கூடாது. ஆய்லர் இந்த 4792-இல் பெரும்பகுதியை வகுக்காமலேயே கழித்துக்கட்டினார்.

அதன் சூட்சுமத்தைச் சின்ன எண்ணில் காட்டுகிறேன். 2047-ஐ 23 வகுக்கிறது இல்லையா, 1-இல் தொடங்கி இரட்டித்துக்கொண்டே போய் ஒவ்வொரு முறையும் 23-ஆல் வகுத்த மீதியை மட்டும் எழுதுங்கள்: 1, 2, 4, 8, 16, 9, 18, 13, 3, 6, 12, அப்புறம் மறுபடி 1. பதினோரு எண் கொண்ட ஒரு வட்டம். இந்த வட்டத்தில் வராத 5-ஐ எடுத்து இரட்டித்துப் பாருங்கள்: 5, 10, 20, 17, 11, 22, 21, 19, 15, 7, 14, மறுபடி 5. இதுவும் பதினோரு எண். 1 முதல் 22 வரை உள்ள எல்லா மீதியும் இந்த இரண்டு வட்டத்தில் அடங்கிவிட்டது, மிச்சமில்லை, இரண்டிலும் வரும் எண்ணும் இல்லை. பண்டிகைக்குக் கறி பங்கு போடுகிற மாதிரி, எல்லாக் கூறும் ஒரே அளவு. அதனால் 23-இல் ஒன்று கழித்த 22, 11-இன் மடங்காக இருந்தே ஆக வேண்டும்.

நம் எண்ணுக்கு வாருங்கள். ஏதோ ஒரு பகா எண் 2³¹ − 1-ஐ வகுக்கிறது என்று வைத்துக்கொள்வோம். அப்படியானால் அதன் கணக்கில் 31 முறை இரட்டித்தால் மறுபடி 1-க்கு வந்துவிடும். 31 பகா எண் என்பதால் அதற்கு முன்னாலேயே திரும்பவும் முடியாது, எல்லா வட்டமும் சரியாக 31 எண் கொண்டது. ஆகவே அந்தக் காரணியில் ஒன்று கழித்தால் 31-இன் மடங்கு, காரணி ஒற்றைப்படை என்பதால் 62-இன் மடங்கு. 3, 5, 7, 11, 13 என்று வழக்கமாக நாம் முதலில் எடுக்கும் எல்லா எண்ணும் ஒரே வரியில் போய்விட்டன, ஒன்றைக்கூட வகுக்கவில்லை. இதற்கு மேல் இன்னொரு சல்லடை இருக்கிறது. 2³¹ மீதி 1 தந்தால் 2³² மீதி 2 தரும், 2³² என்பது 2¹⁶-இன் வர்க்கம், ஆக அந்தக் காரணியின் உலகத்தில் 2 ஒரு வர்க்க எண்ணாக இருக்கிறது. அப்படி இருக்கும் ஒற்றைப்படைப் பகா எண்களை 8-ஆல் வகுத்தால் மீதி 1 அல்லது 7-தான் வரும், இது ஒரு தேற்றம், இங்கே நிரூபிக்கப் போனால் தனிப் பதிவு ஆகிவிடும். இரண்டு சல்லடையையும் சேர்த்தால் காரணி 248-இன் மடங்கோடு 1 சேர்ந்ததாகவோ 63 சேர்ந்ததாகவோ மட்டுமே இருக்க முடியும். 46340-க்குள் அப்படிப்பட்ட எண்களை எண்ணினால் 373 வரும், அதில் முதலாவதான 63 பகா எண் இல்லை என்று பார்த்ததும் தெரியும், மிச்சம் 372. அவற்றிலும் பகா எண்களை மட்டும் பொறுக்கினால் சுமார் 80தான் தேறும். 4792 எங்கே, 80 எங்கே!

ஒரு கோடை விடுமுறையில் என் டியூஷனில் இதைச் செய்தே பார்த்தோம். பத்துப் பிள்ளைகள், கால்குலேட்டர் கிடையாது என்பது நிபந்தனை, ஆளுக்கு எட்டு எண் என்று பிரித்துக்கொண்டோம். பட்டியல் 311, 1303, 1489, 2543 என்று தொடங்கும். 311-ஆல் வகுத்தால் மீதி 35, 1303-ஆல் வகுத்தால் மீதி 226. பதினொன்றரை மணி வாக்கில் பாலக்கோட்டிலிருந்து வரும் ஒரு பெண் எழுந்து நின்று, சார், 1489-க்கு மீதி வரவில்லை, ஈவு 1442232, சரியாக வகுபட்டுவிட்டது என்றாள். எல்லோரும் பேனாவைக் கீழே வைத்துவிட்டார்கள். மறுபடி வகுக்க வேண்டாம், ஒன்பதுக் கழித்தல் போட்டுப் பார், அதாவது இலக்கங்களைக் கூட்டிக் கூட்டி ஒரே இலக்கமாக்கிச் சரிபார் என்றேன். 2147483647-இன் இலக்கங்களைக் கூட்டினால் 46, அதைக் கூட்டினால் 10, பிறகு 1. 1489-க்கு 22, பிறகு 4. ஈவின் இலக்கங்கள் கூட்டினால் 18, பிறகு 9, அதாவது பூஜ்யத்துக்குச் சமம். நான்கைப் பூஜ்யத்தால் பெருக்கினால் பூஜ்யம், ஆனால் நமக்கு வேண்டியது 1. எங்கோ தப்பு. தேடியதில் கடைசிக் கழித்தலில் 199-ஐ விட்டிருந்தாள், 199-இன் இலக்கக் கூட்டலும் 1தான், கணக்கு நேராகிவிட்டது. சாயங்காலம் காபி நேரத்துக்குள் மொத்தப் பட்டியலும் முடிந்தது, எதற்கும் பூஜ்யம் வரவில்லை. ஆய்லர் எழுதியதை நாங்கள் நம்பத் தேவையில்லாமல் போனது அன்றைக்குத்தான், அந்த நோட்டுப் பக்கங்களை இன்னும் வைத்திருக்கிறேன்.

அந்த ஒன்பதுக் கழித்தலைக் காரணமாகத்தான் சொன்னேன். 9 என்பது 10-க்கு ஒன்று குறைவு, அதனால் 9-ஆல் வகுத்த மீதி வேண்டுமென்றால் வகுக்கவே வேண்டாம், இலக்கங்களைக் கூட்டினால் போதும். நம் எண் 2³¹-க்கு ஒன்று குறைவு. அதனால் எவ்வளவு பெரிய எண்ணாக இருந்தாலும், இரும வடிவத்தில் 31 பிட் 31 பிட்டாக வெட்டி, துண்டுகளைக் கூட்டினால் 2147483647-ஆல் வகுத்த மீதி வந்துவிடும். கம்ப்யூட்டருக்கு வகுத்தல் மெதுவான வேலை, வெட்டிக் கூட்டுவது நொடியில் முடியும். பகா எண்ணாகவும் இருக்க வேண்டும், 32 பிட்டுக்குள்ளும் அடங்க வேண்டும், வகுக்கவும் சுலபமாக இருக்க வேண்டும் என்றால் இதைவிட வாகான எண் கிடையாது. இங்கே மட்டும்தான் கம்ப்யூட்டர்காரர்கள் அது பகா எண் என்பதற்காகவே அதைத் தேடி எடுத்தார்கள்.

தற்செயல் எண்களை, அதாவது ரேண்டம் எண்களை, உண்டாக்கும் வேலைக்கு எடுத்தார்கள். ஒரு எண்ணில் தொடங்கி, 16807-ஆல் பெருக்கி, 2147483647-ஆல் வகுத்த மீதியை வை, மறுபடி பெருக்கு, மீதி வை, இவ்வளவே முறை. 1969-இல் ஐபிஎம் 360 கம்ப்யூட்டருக்காக இது வெளிவந்தது, 1988-இல் பார்க், மில்லர் இருவரும் குறைந்தபட்சத் தரம் என்று இதையே பரிந்துரைத்தார்கள். 1-இல் தொடங்கினால் 16807, 282475249, 1622650073 என்று போகும், பத்தாயிரமாவது எண் 1043618065 வந்தால் நீங்கள் எழுதிய புரோகிராம் சரி. ஏன் 16807? இதற்குக் கீழ் வீட்டைப் பார்க்க வேண்டும். 2147483646 = 2 × 3 × 3 × 7 × 11 × 31 × 151 × 331. முன்னே சொன்ன வட்டங்களின் நீளம் எப்போதும் இந்த எண்ணை மீதியின்றி வகுக்கும். 2-ஆல் பெருக்கிக்கொண்டே போனால் 31 அடியில் வட்டம் முடிந்துவிடும், தற்செயலுக்கு உதவாது. 7-ஆல் பெருக்கினால் 214 கோடிச் சொச்சம் எண்களையும் ஒன்று விடாமல் தொட்டுவிட்டுத்தான் திரும்பும். 7 அப்படிப்பட்டது என்று தெரிந்துகொள்ள 214 கோடி அடி நடக்க வேண்டியதில்லை, கீழ் வீட்டு எண்ணின் வெவ்வேறு பகாக் காரணிகள் ஏழு, ஏழு சோதனை செய்தால் போதும். 16807 என்பது 7-இன் ஐந்தாம் அடுக்கு, 5 அந்தக் காரணிப் பட்டியலில் இல்லை, அதனால் முழு வட்டம் குலையாமல் இருக்கிறது, 7-ஐப் போல் சின்னச் சின்ன அடியாகவும் நகராது. இன்றைக்கு இதைவிடப் பலமான முறைகள் வந்துவிட்டன, லாட்டரி, பாஸ்வேர்டு மாதிரி விஷயத்துக்கு இதைப் பயன்படுத்தவே கூடாது.

பாஸ்வேர்டு என்றதும் ஞாபகம் வருகிறது, பேங்கின் ரகசியம் இந்த மாதிரிப் பெரிய பகா எண்ணில்தான் இருக்கிறது என்று சிலர் இதையே உதாரணம் காட்டுகிறார்கள். தவறு. அங்கே பயன்படுவது சுமார் முந்நூறு இலக்கப் பகா எண்கள், அதுவும் யாரும் ஊகிக்க முடியாதபடி அந்தந்த நேரத்தில் பொறுக்கப்படுபவை. ஊருக்கே தெரிந்த எண் ரகசியத்துக்கு ஆகாது.

இனி மேல் வீடு. ஆய்லரின் சல்லடை அழகானது, ஆனால் 2¹²⁷ − 1 போன்ற எண்ணுக்கு அது போதாது, சலித்த பிறகும் மலை மலையாக மிச்சமிருக்கும். 1876-இல் பிரான்சின் லூக்காஸ் அந்த 39 இலக்க எண்ணைப் பகா எண் என்று கையால் நிரூபித்தார், எந்தக் காரணியையும் தேடாமலே. அவருடைய முறையைப் பின்னால் அமெரிக்காவின் லெமர் செப்பம் செய்தார். 4-இல் தொடங்கு, வர்க்கம் எடு, 2 கழி, சோதிக்கும் எண்ணால் வகுத்து மீதியை வை. இதையே அடுக்கைவிட இரண்டு குறைவான தடவை செய், கடைசியில் பூஜ்யம் வந்தால் பகா எண், வராவிட்டால் இல்லை. 31-க்குப் பாருங்கள், அது 2⁵ − 1, ஆகவே மூன்று தடவை: 14, அப்புறம் 194 மீதி 8, அப்புறம் 8 × 8 − 2 = 62, மீதி பூஜ்யம். 2047-க்கு ஒன்பது தடவை செய்தால் 14, 194, 788, 701, 119, 1877, 240, 282, 1736. பூஜ்யம் இல்லை, ஆகவே உடையும் எண். இதில் 23-உம் 89-உம் எங்கேயும் தலைகாட்டவில்லை என்பதைக் கவனியுங்கள். உடையும் என்று உறுதியாகச் சொல்கிறது, எதால் உடையும் என்று சொல்வதில்லை. நம் எண்ணுக்கு 29 தடவை, பொறுமை இருந்தால் ஒரு ஞாயிற்றுக்கிழமை போதும். இந்த முறை வேலை செய்யக் காரணமே மேல் வீட்டு எண் முழுக்க இரண்டுகளால் ஆனது என்பதுதான். 2024 அக்டோபரில் கண்டுபிடிக்கப்பட்ட 2¹³⁶²⁷⁹⁸⁴¹ − 1, 4 கோடியே 10 லட்சத்து 24 ஆயிரத்து 320 இலக்கம் கொண்டது, அதையும் உறுதி செய்தது இதே முறைதான். பெரிய பகா எண் என்று செய்தியில் வருவதெல்லாம் பெரும்பாலும் இந்த ஒரே குடும்பமாக இருப்பதற்கு அதுதான் காரணம், மற்ற எண்களுக்கு இவ்வளவு வசதியான பக்கத்து வீடு இல்லை.

சில்லறை விவரங்களும் சொல்லிவிடுகிறேன். 2, 3, 5 என்று வரிசையாக எண்ணினால் இது 10 கோடியே 50 லட்சத்து 97 ஆயிரத்து 565-ஆவது பகா எண். முந்தையது 2147483629, அடுத்தது 2147483659. இரட்டைப் பகா எண் ஜோடி இதற்கு அமையாது, இரண்டு கழித்தால் 5-இல் முடியும், இரண்டு கூட்டினால் 3-ஆல் வகுபடும். மெர்சென் பகா எண்களில் இது எட்டாவது. ஆகவே எட்டாவது நிறை எண்ணும் இதிலிருந்துதான் வருகிறது. நிறை எண் என்றால் தன்னைத் தவிர மற்ற காரணிகளைக் கூட்டினால் அதுவே வருவது, 28 = 1 + 2 + 4 + 7 + 14 மாதிரி. யூக்ளிட் சொன்ன விதிப்படி 2³⁰-ஐ நம் எண்ணால் பெருக்கினால் 2305843008139952128. 1811-இல் பார்லோ என்ற ஆங்கிலேயர் தன் புத்தகத்தில், இதுதான் தெரிந்ததில் பெரிய நிறை எண், இதைவிடப் பெரியதை யாரும் தேடப்போவதில்லை, இவை வெறும் ஆர்வத்துக்கு உரியவை, பயன் கிடையாது என்று எழுதிவைத்தார். 1883-இல் ரஷ்யாவின் பெர்வூஷின் 2⁶¹ − 1-ஐப் பகா எண் என்று நிரூபித்தார், அடுத்த பெரிய நிறை எண்கள் வந்துகொண்டே இருக்கின்றன.

கடைசியாக ஒன்று, இதை நீங்களே செய்து பார்க்கலாம். 5 பகா எண், 2⁵ − 1 = 31 பகா எண், 2³¹ − 1 நம் எண், அதுவும் பகா எண். அப்படியானால் 2-ஐ 2147483647 தடவை பெருக்கி ஒன்று கழித்தால்? எழுதினால் 64 கோடிக்கும் மேல் இலக்கம் வரும் எண் அது. அதற்கு ஆய்லரின் சல்லடையையே போடுங்கள், காரணி இருந்தால் 2147483647-இன் மடங்கோடு ஒன்று சேர்ந்ததாக இருக்க வேண்டும். 137490-ஆல் பெருக்கி ஒன்று சேர்த்தால் 295257526626031. அதுதான் காரணி, சங்கிலி அங்கே அறுந்துவிடுகிறது. சரிபார்க்க அந்த ராட்சத எண்ணை எழுத வேண்டாம். 2-இல் தொடங்குங்கள், வர்க்கம் எடுங்கள், 295257526626031-ஆல் வகுத்த மீதியை வையுங்கள், இப்படி 31 தடவை. நடுவில் 29 இலக்க எண்கள் வரும், அதனால் லாங்கும் நிரம்பி வழியும், ஜாவாவில் எவ்வளவு பெரிய எண்ணையும் தாங்கும் பிக்இன்டிஜர் போட்டுக்கொள்ளுங்கள். முப்பத்தொன்றாவது தடவை முடிந்ததும் திரையில் பழையபடி 2 வந்து நிற்கும்.